பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு தராசுகள்: கைத்தொழில் குழு தானே ஆராய்ச்சி செய்ய முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டில் சோப்பும் கொஞ்சம் மெழுகுவர்த்தியும் செய்து, ஒரே பெயரில் விற்கிறீர்கள். எல்லோர் கையிலும் இருப்பது ஒரே செய்முறைத் தாள். ஆனாலும் ஒருவர் செய்த கட்டி கல் போல் இருக்கிறது. இன்னொருவருடையது சோப்புப் பெட்டியிலேயே குழைந்துவிடுகிறது. மூன்றாமவருடையதில் இரண்டு மாதத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வருகின்றன. வாங்கியவர்களைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் திரும்பி வந்து வாங்குபவர்கள் குறைவு. ஆய்வகத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை. எங்களுக்குள்ளேயே ஆராய்ச்சி செய்து தரத்தை உயர்த்த முடியுமா, இல்லை அது படித்தவர்களின் வேலையா என்பது உங்கள் கேள்வி. அதன் அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: யாருடைய கை சரியில்லை என்று மனக்கசப்பு வராமல் இதை எப்படிச் செய்வது? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு சோப்புத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதை விட்ட பிறகு வீட்டில் தொழில் செய்யும் சிறு குழுக்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய பொருளை அவர்களே சோதித்துப் பார்க்க உதவி வருகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: முடியும். அதுமட்டுமல்ல, தொழிற்சாலையில் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அங்கே ஒரே கொதிகலன், ஒரே அறை. உங்களிடம் பன்னிரண்டு அடுப்பு, பன்னிரண்டு அறை, பன்னிரண்டு கை. ஒரு மாற்றம் பன்னிரண்டு இடத்திலும் பலன் தந்தால் அதை நம்பலாம். ஓர் இடத்தில் மட்டும் பலித்தால் அதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் மாதிரிகளை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிக்க முடியும் என்ற தயக்கம் வேண்டாம். அந்தத் தயக்கத்துக்கான விடையே ஒரு தயாரிப்புக் கூடத்தில்தான் பிறந்தது. வில்லியம் சீலி காசெட் என்பவர் 1899-இல் அயர்லாந்தின் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பீர் காய்ச்சப் பயன்படும் பார்லியையும் ஹாப்ஸ் பூவையும் ஒப்பிட அவருக்குக் கிடைத்தவை நாலைந்து மாதிரிகள்தாம். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில் கேட்டது. குறைந்த எண்ணிக்கையை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கணக்கை அவரே போட்டு, 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க மாணவர்கள் படிக்கும் டி-சோதனை அதுதான். ஆலையில் வேலை பார்த்தவர் ஆலையின் சிக்கலுக்காகச் செய்த ஆராய்ச்சி அது. உங்களுக்கு அந்தச் சூத்திரம்கூடத் தேவைப்படாது. அதற்குப் பின்னால் இருக்கும் கவனம் தேவைப்படும்.

எங்கே தொடங்குவது? தராசில். ஒரு குழுவோடு நான் உட்காரும் முதல் நாளில் சோப்பைப் பற்றியே பேசுவதில்லை. எல்லோரும் தங்கள் தராசைக் கொண்டுவாருங்கள் என்பேன். ஒரு மேசையில் வரிசையாக வைத்து, ஒரே பொருளை ஒவ்வொன்றிலும் நிறுத்து எழுதுவோம். சுமார் 200 கிராம் எடையுள்ள ஓர் இரும்புத் துண்டு போதும். எது சரியான எடை என்று பார்க்க நல்ல எடைக்கல் இல்லையென்றால், ஒரே மதிப்புள்ள புதிய நாணயங்களை அடுக்கிக்கொள்ளலாம்; நாணயங்களின் எடையை அரசே அறிவித்திருக்கும். ஒரு முறை ஒரு குழுவில் அந்த இரும்புத் துண்டு ஒன்பது தராசுகளில் ஏறக்குறைய ஒரே எடையைக் காட்டியது. ஒன்றில் ஏழு கிராம் கூடுதல், ஒன்றில் ஐந்து கிராம் குறைவு, இன்னொன்றில் வைக்கும் ஒவ்வொரு முறையும் வேறு எண். கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த மூன்று பேரும் தங்களுக்குக் கைப்பக்குவம் போதாது என்று ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தவர்கள்.

அப்படிச் சில கிராம் தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால்தான் புரியும். 1,000 கிராம் தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் காரம்) வேண்டும். தோலைக் காயவிடாமல் இருக்க எண்ணெயில் ஐந்து சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சட்டும் என்று விடுவது வழக்கம்; அப்போது 174 கிராம் போடுவோம். தராசு 174 என்று காட்டும்போது உண்மையில் விழுந்தது 180 என்றால், ஐந்து சதவீதப் பாதுகாப்பு இரண்டு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னும் நாலு கிராம் கூடினால் காரம் மிஞ்சிய கட்டி; அது கையைக் கடிக்கும். மறுபக்கம், உண்மையில் விழுந்தது 168 என்றால் எட்டு சதவீதத்துக்கு மேல் எண்ணெய் அப்படியே நிற்கிறது. கட்டி மென்மையாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், சீக்கிரம் காறல் வாடையும் வரும். தாளில் ஒரே செய்முறை. தராசுகளால் அது மூன்று செய்முறையாகிவிட்டது. ஐந்து கிராமுக்கு ஒருமுறை தாவும் சமையலறைத் தராசை எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடாவுக்கு ஒரு கிராம் காட்டும் தராசு குழுவுக்குப் பொதுவாக ஒன்றாவது இருக்கவேண்டும். நீங்கள் செலவழிக்க வேண்டிய முதல் பணம் இதற்குத்தான், ஆய்வகத்துக்கு அல்ல.

இதோடு ஒட்டிய இன்னொன்று. எண்ணெய் தீர்ந்துவிட்டது, வேறு எண்ணெயை அதே அளவு ஊற்றினேன் என்று யாராவது சொன்னால் அந்த ஈட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். (ஒருமுறை கலந்து அச்சில் ஊற்றுவதை ஈடு என்கிறேன்.) ஒவ்வோர் எண்ணெயும் வெவ்வேறு அளவு காரம் கேட்கும். 1,000 கிராம் ஆலிவ் எண்ணெய்க்கு 135 கிராம் காஸ்டிக் சோடா போதும். தேங்காய் எண்ணெய்க்கான 174 கிராமை அதில் போட்டால் கிட்டத்தட்ட 40 கிராம் காரம் மிஞ்சும். அந்தக் கட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. காஸ்டிக் டப்பாவும் காலத்தோடு மாறும் பொருள்தான்: மூடி சரியாக இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு வீரியம் குறையும். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். தண்ணீரில் காஸ்டிக்கைச் சேர்க்கவேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களும் அவசரத்தில் தவறுவதைப் பார்த்திருப்பதால் மீண்டும் சொல்கிறேன்.

இரண்டாவது வேலைதான் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. ஒரே எண்ணெய் டின், ஒரே காஸ்டிக் டப்பா, ஒரே தண்ணீர். எல்லாவற்றையும் பொதுத் தராசில் நிறுத்துப் பன்னிரண்டு பங்காகக் கட்டி, ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிடுங்கள். அவரவர் வீட்டில், அவரவர் வழக்கப்படி செய்யட்டும். எதையும் திருத்திக்கொள்ள வேண்டாம், சிறப்பாகவும் செய்ய வேண்டாம், எப்போதும் செய்வதுபோலவே செய்யச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து ஆளுக்கு இரண்டு கட்டிகளோடு வரட்டும். பொருளால் வரும் வேறுபாட்டை முன்பே நீக்கிவிட்டோம். இனி மேசையில் தெரியும் வேறுபாடு முழுவதும் செய்முறையாலும் இடத்தாலும் வந்தது. ஆய்வகங்கள் தங்களுக்குள் ஒரே மாதிரியைச் சுற்றுக்கு அனுப்பி ஒப்பிட்டுக்கொள்வதும் இதே முறைதான்.

அப்படி ஒரு மேசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டு வெள்ளைக் கட்டிகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பிறகு ஒவ்வொன்றையும் நடுவில் கம்பியால் அறுத்தோம். நாலு கட்டிகளின் நடுவில் சற்றே கருத்த, கண்ணாடித்தன்மையுள்ள வட்டம். ஓரம் மட்டும் வெளுப்பு. ஊற்றிய பிறகு அச்சின் நடுப்பகுதி சூடேறி ஓரம் ஆறிப்போனால் அப்படி வரும். கேடு ஒன்றும் இல்லை, பார்வைக்குத்தான் குறை. அந்த நால்வரும் அச்சைப் போர்த்தாமல் வைத்தவர்கள். இரண்டு கட்டிகளின் மேல் சாம்பல்போல் வெள்ளைப் பூச்சு. அது காரம் காற்றோடு சேர்ந்ததால் வந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தவை மூன்று. ஏழாம் எண் கட்டி மட்டும் தட்டினால் மரம்போல் ஓசை கேட்டது.

ஏழாம் எண் யாருடையது என்று தெரிந்ததும், அவருக்குக் கைராசி என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் மறுக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மற்றவர்கள் கட்டிகளைப் பலகையில் நெருக்கி அடுக்கி உலரவைத்தார்கள்; அவர் பழைய கம்பித்தட்டு ஒன்றில், விரற்கடை இடைவெளி விட்டு, ஜன்னலோரத்தில் வைத்திருந்தார். அடியிலும் காற்று, மேலேயும் காற்று. அவ்வளவுதானா என்று சந்தேகப்பட்டோம், அதனால் சோதித்தோம்: மென்மையான கட்டி செய்த மூவரும் அடுத்த ஈட்டில் பாதியைக் கம்பித்தட்டிலும் பாதியைப் பலகையிலும் வைத்து, வாரம் ஒருமுறை ஒவ்வொரு கட்டியையும் நிறுத்து எழுதினார்கள். கம்பித்தட்டுக் கட்டிகளின் எடை விரைவாக இறங்கி நாலைந்து வாரத்தில் நிலைத்துவிட்டது. பலகையில் இருந்தவை ஏழாவது வாரத்திலும் இறங்கிக்கொண்டிருந்தன. எத்தனை நாள் உலரவைப்பது என்ற பழைய சண்டைக்கும் அதோடு முடிவு வந்தது. எடை இறங்குவது நிற்கும்வரை; நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம், தராசைப் பாருங்கள்.

மனக்கசப்பு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேசைக்கு வரும் கட்டியின் மேல் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்ற தாள் ஒருவரிடம் மூடிய உறையில் இருக்கட்டும். அன்று அவர் கருத்துச் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்து, தட்டி, முகர்ந்து, நுரைத்துப் பார்த்து எழுதிய பிறகுதான் உறையைப் பிரிக்கவேண்டும். குழைந்துபோன கட்டியைக் கொண்டுவந்தவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். இது மரியாதைக்காகச் சொல்வது அல்ல. நன்றாக வந்த பத்துக் கட்டிகளிலிருந்து எதுவும் தெரியாது. கெட்டுப்போன ஒன்றிலிருந்துதான் காரணம் தெரியும். அதை வெட்கப்பட்டு வீட்டிலேயே தூக்கிப் போட்டுவிட்டால் குழுவின் ஆராய்ச்சி அங்கேயே நின்றுபோகும். நான் பார்த்த குழுக்களில் தேறியவை எல்லாமே கெட்ட கட்டியைக் கூச்சமில்லாமல் மேசைக்குக் கொண்டுவரப் பழகியவை.

இதற்குப் பிறகுதான் புதிதாக எதையாவது மாற்றிப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தனியாள் என்றால் அது சரி. பன்னிரண்டு பேருக்கு அதைவிடச் சிக்கனமான வழி இருக்கிறது. சூடாக ஊற்றுவதா ஆறவிட்டு ஊற்றுவதா, அச்சைப் போர்த்துவதா திறந்து வைப்பதா என்று இரண்டு சந்தேகங்கள் என்று வையுங்கள். சேர்த்தால் நாலு வழி. ஒவ்வொரு வழிக்கும் மூன்று பேர். இப்போது சூடாக ஊற்றியவர்கள் ஆறு பேர், ஆறவிட்டவர்கள் ஆறு பேர். அதே பன்னிரண்டு ஈட்டில் போர்த்தியவர்கள் ஆறு, திறந்து வைத்தவர்கள் ஆறு. ஒரே உழைப்பில் இரண்டு கேள்விக்கும் விடை. போர்த்துவது சூடாக ஊற்றினால் மட்டும்தான் உதவுகிறதா என்பதுகூடத் தெரியவரும். ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வயல் சோதனைகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது.

யார் எந்த வழியில் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விருப்பத்துக்கு விட்டால் ஆர்வமும் அனுபவமும் உள்ளவர்கள் புதிய வழியை எடுத்துக்கொள்வார்கள். தயங்குபவர்கள் பழைய வழியில் நிற்பார்கள். கடைசியில் வென்றது வழியா ஆளா என்று யாராலும் சொல்ல முடியாது. இதையும் ஃபிஷர்தான் வலியுறுத்தினார். சீட்டு எடுத்துவிட்ட பிறகு மாற்றிக்கொள்ளவும் கூடாது.

எழுதி வைப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நீளமான படிவம் கொடுத்தால் மூன்றாவது வாரத்தில் யாரும் நிரப்பமாட்டார்கள். குழுவின் பேரேட்டில் ஒரு ஈட்டுக்கு ஒரு வரி: ஈட்டு எண், தேதி, எண்ணெயும் காஸ்டிக்கும் எந்த டப்பாவிலிருந்து, உண்மையில் நிறுத்த எடை, ஊற்றியபோது இருந்த வெப்பநிலை, வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஏதாவது. கடைசிக் கட்டம்தான் பொக்கிஷம். மின்சாரம் போனது, குழந்தை அழுததால் கலப்பதைப் பாதியில் விட்டேன், மழை என்று எழுதுவார்கள். ஆறு மாதம் கழித்து அதில்தான் விடை கிடைக்கும். ஒவ்வோர் ஈட்டிலிருந்தும் ஒரு கட்டியை விற்காமல், எண் ஒட்டி, ஒரே அலமாரியில் ஓர் ஆண்டு வைத்திருங்கள். உங்கள் ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு வழி இதில்தான் இருக்கிறது. அந்தப் புள்ளிகள் மிஞ்சிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து காறிப்போனதன் அடையாளம். சூடு, வெளிச்சம், இரும்பு அல்லது செம்பின் துளிக் கலப்பு இவை அதை வேகப்படுத்தும். பழைய எண்ணெயிலும், சூரியகாந்தி போன்ற திரவமாகவே இருக்கும் எண்ணெய்கள் மிகுதியாக உள்ள கலவையிலும் அது சீக்கிரம் வரும். உங்களுக்கு இவற்றில் எது காரணம் என்று நான் இங்கிருந்து சொன்னால் அது ஊகம்தான். புள்ளி வந்த கட்டிகளின் எண்களைப் பேரேட்டில் தேடுங்கள். எல்லாம் ஒரே டின்னா, ஒரே பாத்திரமா, ஒரே வீடா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சிட்ரிக் அமிலம் சேர்த்தால் புள்ளி குறையும் என்று யாராவது சொல்வார்கள். உலோகக் கலப்பால் வருவதற்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் 10 கிராம் சிட்ரிக் அமிலம் ஆறு கிராமுக்குச் சற்று மேல் காஸ்டிக் சோடாவை விழுங்கிவிடும். அந்த அளவைக் கூட்டாமல் சேர்த்தால் கட்டி மீண்டும் மென்மையாகும்.

அடுத்தது, மாற்றம் உண்மையிலேயே தெரிகிறதா என்று அறிவது. புதிய கலவை செய்தவருக்குப் புதியதுதான் நன்றாகத் தோன்றும். அது மனித இயல்பு. முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு மூன்று துண்டுகள் கொடுங்கள்: இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. வேறுபட்டது எது என்று மட்டும் கேளுங்கள், எது நல்லது என்று கேட்காதீர்கள். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஆறு விதமாக அடுக்கலாம், ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு வரட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே பன்னிரண்டில் நாலு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எட்டுப் பேர் அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். அது வெறும் அதிர்ஷ்டத்தால் நடக்க நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான வாய்ப்புதான். ஏழு பேர் என்றால் நூற்றுக்கு ஆறேழு முறை அதிர்ஷ்டமாகவே வரும், இன்னொரு நாள் மீண்டும் செய்து பாருங்கள். விலையுயர்ந்த நறுமணத்துக்கும் மலிவானதுக்கும் கழுவிய கையில் வேறுபாடு தெரியவில்லை என்று ஒரு குழு இப்படித்தான் கண்டுபிடித்தது. உறையைப் பிரித்தபோது அதை வாங்கி வந்தவரே தவறாகச் சொல்லியிருந்தார்.

வாங்குபவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். முகத்துக்கு நேரே கேட்டால் எவரும் குறை சொல்லமாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். அந்தக் கட்டி எப்போது தீர்ந்தது? இப்போது குளியலறையில் எந்தச் சோப்பு இருக்கிறது? அதை ஏன் வாங்கினீர்கள்? பாதி தேய்ந்த கட்டியைத் திருப்பிக் கொடுத்தால் புதியது ஒன்று தருகிறோம் என்று பத்து வீடுகளில் சொல்லிப் பாருங்கள். திரும்பி வரும் துண்டுகள் பேசும்: அடிப்பக்கம் கூழாகியிருந்தால் அவர்களுடைய பெட்டியில் தண்ணீர் வடியவில்லை, நடுவில் வெடித்திருந்தால் உலர்த்துவதில் குறை, கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தால் அவர்கள் பயன்படுத்தவே இல்லை. அவர்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு புட்டியும் வாங்கி வாருங்கள். கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துபோகும். நுரை வராது, தோலில் ஒட்டினாற்போல் இருக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீரில் பொங்கிய நுரை அங்கே வராததற்கு உங்கள் கையில் குறை இல்லை. சோப்பு சீக்கிரம் கரைகிறது என்ற புகாருக்கு, இரண்டு வகைக் கட்டிகளை நிறுத்து, ஒரே ஆள் ஒவ்வொன்றாலும் இருபது முறை கை கழுவி, ஒரு நாள் உலரவிட்டு மீண்டும் நிறுத்தால் போதும்.

இப்போது எதை உறுதியாக நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துச் சொல்லவேண்டும். எடையும் காரக் கணக்கும் உறுதியானவை; அவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. உலர்த்தும் விதம், போர்த்துவது, ஊற்றும் வெப்பநிலை ஆகியவற்றில் உங்கள் பன்னிரண்டு வீட்டு முடிவை உங்கள் குழுவுக்கு நம்பலாம். வேறு காற்று, வேறு பருவத்தில் அது மாறலாம், ஆகவே ஈரமான மாதத்தில் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். எத்தனை மாதம் கெடாது என்பதைச் சூட்டில் வைத்து அவசரமாகச் சோதித்து அறிவது சந்தேகத்துக்கு உரியது. அலமாரியில் இருக்கும் ஓராண்டுக் கட்டியை விட நல்ல சாட்சி இல்லை.

தோல் விஷயத்தில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். அறுபது பேர் பயன்படுத்தினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் புள்ளியியலில் ஒரு எளிய விதி உண்டு: தீங்கு எதுவும் காணாதபோது மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். மூன்றை அறுபதால் வகுத்தால் இருபதில் ஒன்று. அதாவது, உண்மையில் இருபது பேரில் ஒருவருக்கு அரிப்பு தரும் பொருளாக இருந்தாலும் அறுபது பேரிடம் அது தலைகாட்டாமல் போயிருக்கக்கூடும். நூறில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கவே முந்நூறு பேர் வேண்டும். ஆகவே ஒவ்வாமை தராது, தோல்நோய் தீரும் என்றெல்லாம் உறையில் எழுதாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் நோய் தீர்க்கும் என்று சொன்ன உடனே அது மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும் என்பது ஒருபுறம். அதைவிட முக்கியம், உங்களால் அதை நிரூபிக்க முடியாது. என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று முழுவதுமாக எழுதுங்கள், ஒவ்வாமை உள்ளவர் தாமே பார்த்து விலகிக்கொள்வார். பி.எச். தாள் (அமிலமா காரமா என்பதை எண்ணாகக் காட்டும் தாள்; ஏழு என்றால் நடுநிலை) பற்றியும் ஒரு சொல்: எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த உண்மையான சோப்பு ஒன்பது, பத்து என்ற அளவில் காரமாகத்தான் இருக்கும். ஏழு காட்டவேண்டும் என்று முயலாதீர்கள். ஈரக் கட்டியின் மேல் ஃபீனாப்தலீன் (காரம் பட்டால் சிவக்கும் சோதனைத் திரவம்) சொட்டினால் நல்ல சோப்பும் சிவக்கும். மிஞ்சிய காரத்தை அறிய ஆல்கஹாலில் கரைத்துச் செய்யும் சோதனைதான் சரி.

மெழுகுவர்த்தியில் குழுவாகச் செய்யக்கூடியது, ஒரே மெழுகு, ஒரே கண்ணாடிக் குவளையில் திரியின் தடிமனை மட்டும் மாற்றி எரித்து, நாலு மணி நேரத்தில் உருகிய குளம் ஓரம்வரை வருகிறதா என்று பார்ப்பது. குவளை மாறினால் சோதனையை மறுபடியும் தொடங்கவேண்டும். எரியும்போது ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். குவளை வெடித்தாலோ சுவாலை எழும்பினாலோ, பத்தில் ஒரு முறைதானே என்று பேசித் தீர்க்காதீர்கள். அந்த வகையை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பயம் உங்கள் கேள்வியில் சொல்லாமல் இருக்கிறது: எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டால் நாளைக்கு ஒருவர் பிரிந்துபோய் அதே பொருளைத் தனியாக விற்கமாட்டாரா? விற்கலாம். அதனால் முதல் கூட்டத்திலேயே எது பொது, எது சொந்தம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். என் அனுபவத்தில் நின்று நிலைத்த ஏற்பாடு இது: எடைகள், தோல்விகள், டப்பா எண்கள், உலர்த்தும் முறை எல்லாம் பொது, நறுமணக் கலவையும் வடிவமும் அவரவர் சொந்தம். குழுவை விட்டுப் போகிறவர் தான் கற்றதைக் கொண்டுபோகலாம், குழுவின் பெயரைக் கொண்டுபோகக் கூடாது. வெளியிலிருந்து என்னைப் போன்ற ஒருவர் உதவ வந்தால், பேரேடு உங்கள் கையில்தான் இருக்கவேண்டும். 1940-களில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர் செயலாய்வு என்று பெயரிட்ட முறையை, பிறகு கொலம்பியாவில் ஓர்லாந்தோ ஃபால்ஸ் போர்தா என்ற சமூகவியலாளர் உழவர்களோடு சேர்ந்து வளர்த்தபோது வலியுறுத்தியதும் இதைத்தான்: சிக்கல் யாருடையதோ, கேள்வியும் முடிவும் அவர்களுடையதாக இருக்கவேண்டும். எண்களை வாங்கிக்கொண்டு போய் அறிக்கையாகத் திருப்பித் தருபவரிடம் இரண்டாவது முறை கொடுக்காதீர்கள்.

ஆய்வகம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, பன்னிரண்டு கட்டிகளில் உங்கள் கண்ணுக்கே மிக மோசமாகத் தெரியும் ஒன்றை எடுத்து, மிஞ்சிய காரம் எவ்வளவு என்று சோதிக்கக் கொடுங்கள்; செலவைப் பன்னிரண்டாகப் பங்கிடுங்கள். நல்லதைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதில் பயன் இல்லை. ஆனால் அது பிறகு. முதல் கூட்டத்துக்கு ஆளுக்கு மூன்று பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள்: வீட்டுத் தராசு, கடைசியாகச் செய்த ஈட்டிலிருந்து பெயர் போடாத ஒரு கட்டி, காஸ்டிக் டப்பா. அன்று சோப்பு எதுவும் செய்ய வேண்டாம். நிறுத்துப் பார்த்த பன்னிரண்டு எண்களையும் இங்கே எழுதினால், எந்தத் தராசை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றவேண்டும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.